மகனின் ஷூ

பெரியப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்த வேலாயுதம், தெருமுனை வருவதற்குள் மூச்சிரைத்து, வேறொருவரை அழைத்துத் தோள் மாற்றிக்கொண்டான். வாசலில் நின்ற அவன் அம்மா தைலம்மை அதைப் பார்த்தாள். மறுநாள் விடியலில் அவள் அவனை எழுப்பவில்லை. நடைப்பயிற்சிக்கென்று வாங்கி, அவன் பெட்டியிலேயே போட்டுவைத்திருந்த ஷூவின் முனையில் பழந்துணியைத் திணித்தாள். அதைத் தானே மாட்டிக்கொண்டு, கனத்த உடம்போடு தெருவில் இறங்கினாள். அதன்பின் ஒருநாளும் விடவில்லை. இரவுச் சோற்றையும் நிறுத்தினாள்.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? டாக்டர் சொன்னாரா?" என்று போர்வைக்குள்ளிருந்து ஒருநாள் கேட்டான்.

"அவர் எதுக்குடா சொல்லணும்?" அவள் குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். "என்னைத் தூக்கும்போதாவது உனக்கு மூச்சு வாங்கக் கூடாதில்ல."