இழுவை போதவில்லை

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். இழுவை வந்தா சரி, இல்லன்னா இதை வித்துட்டுப் புது டிராக்டர் எடுத்துடுவேன்" என்றபடியே வண்டியிலிருந்து இறங்கினாள் அவள்.

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. புது வண்டி என்றால் கம்பெனி ஆட்களே வீடு தேடி வந்து பார்ப்பார்கள். அப்புறம் இவள் இந்தப் பட்டறைப் பக்கம் எதற்கு வரப்போகிறாள்?

"மேட்டுல ஏறினா கரும்புகை கக்குது, முக்குது, நின்னுடுது. மூணு மாசத்துல இது நாலாவது தடவை. டீசலைக் கூட்டி வச்சாவது பவர் குடுங்க."

"டீசல் போதும்ங்க. காத்துதான் போதலை."

"என்னமோ பண்ணுங்க. எங்க அத்தை வேற, 'அந்த மெக்கானிக்கிட்டயே கொண்டு போ, வேற யாரையும் தொட விடாதே'ன்னு விரட்டுறாங்க. இந்தாங்க, சாப்பாடு. இன்னைக்கும் ரெண்டு ஆளுக்குக் கட்டியிருக்காங்க. வயசாச்சு, அளவு தெரியல."

புருஷன் இறந்து ஐந்து வருஷம். மாமியாரான அந்த அத்தையையும் நிலத்தையும் ஒருத்தியாகத் தாங்குகிறவள்.

அவன் இன்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாயைக் கழற்றினான். உள்ளே, நினைத்தபடியே, சுருட்டித் திணித்த துணி. இது நாலாவது.

ஊரே அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடும். அவள் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதையும் இந்தத் துணியையும் சேர்த்து வைத்து அவன் எத்தனையோ மனக்கோட்டை கட்டியிருந்தான். துணியை எடுத்துவிட்டு, வேலை பார்த்ததுபோல் பாவனை செய்வான். கூலி மட்டும் வாங்க மனம் வராது.

இன்று வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதுமே இல்லை.

மேஜை டிராயரை இழுத்தான். துவைத்து மடித்த மூன்று துணித் துண்டுகளை எடுத்து, நாலாவதையும் சேர்த்து அவள் முன்னால் வைத்தான்.

"ஒவ்வொரு தடவையும் காத்துக் குழாய்ல இதுதான் இருந்துச்சு. நீங்க ஏன் வச்சீங்கன்னு எனக்குப் புரியாம இல்ல. இனிமே துணியெல்லாம் வேண்டாம்ங்க. சும்மாவே வாங்க. தினமும் வாங்க. எனக்கும் உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

"என்ன சொல்றீங்க? என் வண்டியில நானே ஏன் துணியை அடைக்கப்போறேன்?"

அவனுக்குக் காது வரை சூடேறியது. போச்சு, மானம் கப்பலேறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் ஒரு துண்டை விரித்துப் பார்த்தாள். நீலப் பூப்போட்ட துணி. ஓரத்தில் கையால் போட்ட தையல்.

"இது அத்தையோட தலையணை உறையாச்சே! எலி இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு சொன்னாங்களே!"

கோபப்படுவாள் என்று பயந்து நிமிர்ந்தான். அவளோ வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றிருந்தாள்.

அவள் கைப்பேசி அடித்தது. காது மந்தமானவர்கள் பேசும் சத்தத்தில் மாமியாரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது:

"என்னம்மா, இன்னைக்காவது அந்தத் தம்பி வாயைத் திறந்தாரா? இல்ல, அடுத்த உறையையும் கிழிக்கணுமா?"