ஒரு கரண்டிச் சோறு

"எல்லாருக்கும் மூணு கரண்டி. எனக்கு மட்டும் ஒண்ணா? நான் என்ன ஸ்டெப்னி டயரா, ஓரமாக் கிடக்க?"

ஹாரன் போட்ட சத்தத்தில் பஸ் டிப்போ கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அந்த டிரைவருக்கு 'ஹாரன்' என்ற பேர் சும்மா வரவில்லை. வண்டியில் இருப்பதைவிட அவர் தொண்டையில் இருப்பதற்குத்தான் சத்தம் ஜாஸ்தி.

கேன்டீன் அக்கா அசரவில்லை. தட்டை அவர் பக்கம் தள்ளினாள். ஒரே ஒரு கரண்டி சோறு. மீதி இடமெல்லாம் காய், பயறு. ஓரத்தில் ரெண்டு முட்டை.

"காய் நிறைய வெச்சிருக்கேன் தம்பி. வயிறு ரொம்பும்."

"நான் என்ன ஆடா, தழை தின்ன? காலைச் சாப்பாடும் இங்கதான், மத்தியானமும் இங்கதான். மூணு மாசமாப் பாக்கறேன். டீயில கூட எனக்கு மட்டும் சர்க்கரை போடறதில்ல நீ!"

"மறந்துபோச்சு தம்பி."

"மூணு மாசமாவா மறப்பே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாரனுக்கு அது இன்னும் ஏறியது. தட்டைக் காலி செய்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, நேரே மேனேஜர் ரூமுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அக்கா கையில் கரண்டி இல்லை. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஆள், ஹாரன் தட்டில் மலை மாதிரி சோற்றைக் குவிக்கப் போனான்.

"வேணாம்ப்பா. சோறே வைக்காதே" என்றார் ஹாரன்.

வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் டிரைவர்களுக்கு வருஷாந்திர மெடிக்கல் செக்கப். தனக்குச் சர்க்கரை இருப்பது ஹாரனுக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியாது; தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. வருஷா வருஷம் செக்கப்பை ஒட்டின அந்த மூணு நாள் மட்டும் சோறு, ரொட்டி, இனிப்பு பக்கமே போக மாட்டார். நாலாம் நாள் வட்டியும் முதலுமாக வெளுத்துக் கட்டுவார். இத்தனை வருஷமாக அப்படியே ஓடிவிட்டது.

செக்கப்பில் டாக்டர் முன்னால் தெம்பாக உட்கார்ந்தார்.

"வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன் டாக்டர்."

"அவசியமே இல்லையே. இந்த வருஷம் டெஸ்ட் வேற. இது மூணு மாசச் சராசரியைக் காட்டிடும். கடைசி மூணு நாள் பத்தியமெல்லாம் இதுகிட்ட எடுபடாது. சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்களை வண்டியிலேருந்து இறக்கிடுவாங்க."

ஹாரனுக்குக் குப்பென்று வேர்த்தது. இருபத்திரண்டு வருஷம் பிடித்த ஸ்டியரிங், கையை விட்டுக் கழன்று போகிற மாதிரி இருந்தது.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"சர்க்கரை இருக்கு. ஆனா கட்டுக்குள்ள இருக்கு. தாராளமா வண்டி ஓட்டலாம். அரிசியும் ரொட்டியும் சீனியுமா உள்ளே தள்ளிக்கிட்டே இருந்தா, ரத்தக் குழாய் கெட்டு, கடைசியில இதயத்துல போய் நிக்கும். நீங்க நல்லாக் குறைச்சிருக்கீங்க. எப்படிங்க?"

"நான் ஒண்ணுமே குறைக்க..."

பாதியில் ஹாரன் சத்தம் நின்றது.

கேன்டீன் பின்கட்டுக்கு ஓடினார். அக்கா முழங்கை வரை கரியோடு அண்டா தேய்த்துக் கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"முன்னயெல்லாம் சாப்பிட உக்காந்தா ஒரு ஜக் தண்ணி காலி பண்ணுவே. இப்ப ஒரு டம்ளர் போதுது. எங்க வீட்டுக்காரரும் டிரைவர்தான் தம்பி. அவருக்கும் இந்த மூணு நாள் வித்தை தெரியும். வருஷா வருஷம் பாஸ். கடைசியாப் பாஸான பதினோராம் நாள் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர்தான். எழுந்திருக்கல."

ஹாரன் குரலைத் தாழ்த்தினார்.

"இதை மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?"

"பேசிக்கிட்டே நிக்காதே. அந்தப் பெரிய அண்டாவை இப்படித் தள்ளு."

தள்ளிக் கொடுத்துவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனார்.

"சார், என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எதுக்குய்யா? நான் காரணம் கேட்டதுக்கு, அந்தம்மாவே கைப்பட எழுதி ஒத்துக்கிட்டாங்களே. நீயே படிச்சுப் பாரு."

காகிதத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

'சோறு குறைத்தது உண்மை. அந்த டிரைவர் மூஞ்சியைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.'