மௌனக் கட்டணம்

மானத்தின் விலை நானூற்றைம்பது ரூபாய். கட்டினால் மருத்துவமனையின் தானியங்கிக் குரல் காதுக்குள் மட்டும் பேசும். கட்டாவிட்டால் பக்கத்தில் எந்த ஒலிபெருக்கி இருக்கிறதோ அதில் பேசும். செல்வக்கனி கட்டவில்லை. அதனால் விருதுநகர்ப் பருப்பு மண்டியில், வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில், விலை சொல்லும் பெட்டியே வாய் திறந்தது.

“செல்வக்கனி அவர்களே, சிறுநீர்க் கசிவுக்கான சிகிச்சை நாளை மறுநாள். பிறப்புறுப்பில் எந்தக் களிம்பும் பூசாதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், நீங்களாக நிறுத்தாமல் எங்களைக் கேளுங்கள்.”

மண்டியே திரும்பிப் பார்த்தது. கொழுந்தன் ஜெயசீலன் பாய்ந்து வந்து பெட்டியின் மேல் கை வைத்தான்.

“மதினி, குடும்ப மானம் போகுது! பணத்தை நான் கட்டுறேன், முதல்ல அதை நிறுத்துங்க.”

“ஆறு வருசமா இருமக்கூட பயந்துகிட்டு கல்லாவுல உக்காந்திருக்கேன். வாயை மூடி வச்சதுல கசிவு நின்னுச்சா? கைய எடுய்யா.” செல்வக்கனி பெட்டியின் சத்தத்தைக் கூட்டினாள். “இன்னொரு தரம் சொல்லு தாயி, மாத்திரை சங்கதி சரியா விளங்கல.”

குரல் மறுபடியும் முழுக்கச் சொன்னது. உளுந்து வாங்க வந்த முத்துக்கிளி மெல்லக் கல்லாவை ஒட்டி வந்தாள்.

“யக்கா, தும்மினா எனக்கும் அப்படித்தான். அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு?”

அவள் பின்னால் இன்னும் மூன்று பெண்கள், எதற்கோ விலை கேட்க வந்தவர்கள் போல நின்றார்கள்.

அன்றைய கணக்கைச் செல்வக்கனி உரக்கச் சொல்லியே முடித்தாள்: துவரை இருபது மூட்டை, உளுந்து பன்னிரண்டு, ஆஸ்பத்திரிக்குத் தன்னையும் சேர்த்து ஐந்து பேர். ஜெயசீலன் தலை நிமிர்வது மட்டும் பாக்கி.