எந்தக் கார்டு நல்லது?

"வெளிநாட்டுக்குப் படிக்கப் போறவளுக்கு எந்தக் கார்டு நல்லதுன்னு நீயே பார்த்துக் கொடுடி. வீட்டுலயே பேங்கை வெச்சுக்கிட்டு நான் வெளியில யார்கிட்ட போய்க் கேட்பேன்?" என்றாள் அக்கா.

வங்கியின் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்த தங்கை சிரித்தாள். உதடு மட்டும்தான் சிரித்தது.

அக்கா மகள் பக்கத்தில் நின்றாள். இன்னும் பத்து நாளில் விமானம் ஏறுகிறாள். படிப்புக்கு முழு உதவித்தொகை.

அந்த உதவித்தொகைத் தேர்வைத் தங்கையின் மகனும் எழுதினான். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததே அவன்தான். மூன்று மதிப்பெண்ணில் அவனுக்குக் கை நழுவிவிட்டது.

அன்றிலிருந்து அக்காவின் போன் வந்தாலே இவளுக்கு வயிறு எரியும்.

"பெட்டி வாங்கியாச்சு. குளிருக்குக் கோட்டு வாங்கியாச்சு. காலுக்குக் கம்பளி உறைகூட வாங்கியாச்சு. இந்தக் கார்டு ஒண்ணுதான் பாக்கி" என்று அக்கா விரல் மடக்கினாள்.

'மடக்கு, மடக்கு. பத்து விரல் போதாது உனக்கு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் தங்கை.

மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இரண்டு வகை விண்ணப்பங்கள் இருந்தன.

ஒன்று, மாணவர் கார்டு. எந்த நாட்டில் தேய்த்தாலும், எந்த நாட்டில் பணம் எடுத்தாலும் கட்டணம் கிடையாது. நேற்று மாலைதான் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அறிவிப்புப் பலகையில்கூட இன்னும் ஒட்டவில்லை.

மற்றது கோல்டு கார்டு. பளபளவென்று இருக்கும். ஆனால் வெளிநாட்டில் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் நூற்றுக்கு மூன்றரை பிடித்துக்கொள்ளும். அளந்து வருகிற உதவித்தொகையில் அப்படிப் பிடித்தால், மாதக் கடைசியில் அந்தப் பெண் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

தங்கையின் கை மாணவர் விண்ணப்பத்தின் மேல்தான் முதலில் போனது.

"ஆமா, உன் பையன் என்னடி பண்றான்? வீட்டுலதான் இருக்கானா?" என்றாள் அக்கா, சாதாரணமாக.

கை நகர்ந்தது.

"இது கோல்டு கார்டு. எங்ககிட்ட இருக்கறதுலயே உசத்தி" என்று நீட்டினாள்.

"இதுக்குக் கட்டணம் கிட்டணம்னு ஏதாவது…"

"அம்மா! சித்திக்குத் தெரியாததா? சும்மா இரேன்" என்று அக்கா மகள் பேனாவை எடுத்தாள். ஒரு வரியும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். "ரொம்ப தேங்க்ஸ் சித்தி."

இந்த மாதம் விற்றாக வேண்டிய கணக்கில் தங்கைக்கு ஒரு கோல்டு கார்டு குறைந்திருந்தது. குறைந்தால் இரண்டு பஸ் மாறிப் போகிற கிளைக்குத் தூக்கியடிப்பேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால்தான் கொடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர்கள் படியிறங்கிப் போனபோது மனசு குளிர்ந்ததே, அதற்கு மேனேஜர் காரணமில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் மகனுக்குப் போன் போட்டாள்.

"டேய், உன் பெரியம்மாவும் மகாராணியும் வந்துட்டுப் போறாங்க."

"வந்துட்டாளா? கோல்டு கார்டு எடுத்தாளா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"நான்தாம்மா அனுப்பினேன். ஒரு கார்டு குறையுது, மாத்திடுவாங்கன்னு நீ அப்பாகிட்ட புலம்பினியே. அதை அவகிட்ட சொன்னேன். சித்திக்காக ஒரு கையெழுத்துப் போட்டா நான் என்ன கரைஞ்சா போயிடுவேன்னு உடனே பெரியம்மாவைக் கிளப்பிட்டா. பெரியம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா உன்கிட்ட உளறிடுவாங்க."

தங்கைக்குக் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"இல்லடா… அந்தக் கார்டுல, வெளிநாட்டுல தேய்ச்சா…"

"கட்டணம் உண்டு, தெரியும்மா. அவ அதைத் தொடவே போறதில்ல. கட்டணமே இல்லாத கார்டு ஒண்ணு போன வாரமே வேற பேங்குல வாங்கியாச்சு. நாலு நாள் உட்கார்ந்து எல்லா பேங்கையும் அலசி நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்."

தங்கை கவளத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"முதல்ல உன் பேங்குலதான் வாங்கலாம்னு நின்னாம்மா. உங்ககிட்ட அப்படி ஒரு கார்டு இல்லவே இல்லன்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன். இருந்திருந்தா எங்கம்மா முதல் ஆளா அதை உனக்குத்தான் எடுத்துக் கொடுத்திருப்பாங்கன்னேன். சரிதானேம்மா?"