முன்னிலையில் இருக்கும்போதே

“பாரு, இன்னைக்கும் எந்திரிச்சுட்டான்!” ஆர்வில் வாயிலிருந்த கடலைத் தோலைத் துப்பினார்.

எப்போதும் எங்கள் வரிசையில் உட்காரும் எமில் தொப்பியைச் சரி செய்துகொண்டு கேலரிப் படியேறிக்கொண்டிருந்தார். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ்; அப்போது நான்காவதுதான். எங்கள் ஊர் ஹெரன்ஸ் அணி இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலைக்கு வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“தோக்கும்போது போனாலாவது மனசு தாங்கலைன்னு விட்டுடலாம். ஜெயிச்சிட்டிருக்கும்போது எவனாவது போவானா?” என்றார் டெல்பர்ட். “போன வருஷம் வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்தான்? ஏய் கணக்குப்பிள்ளை, எடு நோட்டை!”

கணக்குப்பிள்ளை நான்தான். முப்பத்தேழு வருடமாக இந்த மைதானத்தில் நடந்த ஒவ்வொரு ஆட்டத்தையும் பந்துக்குப் பந்து பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. எண்கள் வரும்.

“இந்த வருஷம் இதுவரைக்கும் முப்பது ஆட்டம். எமில் பாதியில போனது பதினெட்டு. பதினெட்டுலயும் அப்ப நாமதான் முன்னாடி.”

“அதுல தோத்தது எத்தனை?”

“பதினாலு.”

“பாத்தியா! அதிர்ஷ்டத்தையும் கையோட எடுத்துட்டுப் போயிடறான்!”

“மீதி பன்னிரண்டுல கடைசிப் பந்து வரைக்கும் இருந்தார். அந்தப் பன்னிரண்டுல நாம ஒரு தடவைகூட முன்னாடி போகல” என்றேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

“அம்பத்திரண்டுல கோப்பை வாங்கினோமே, அன்னைக்கு ஒருத்தன் நகர்ந்தானா? கொட்டுற மழையில நின்னோம்!” என்றார் ஆர்வில்.

“ஒரே ஒரு கோப்பை. நாப்பத்தேழு வருஷமாச்சு” என்றார் டெல்பர்ட்.

“அறுபத்துநாலுல ரெண்டாவது கோப்பையும் வந்திருக்கணும். கடைசி இன்னிங்ஸ், ஒரே ஒரு அவுட் பாக்கி, நாம முன்னாடி. சின்னக் குழந்தைகூட பிடிக்கும் அந்தப் பந்தை! அந்த ஓட்டைக் கை வெர்னான்...”

“அன்னைக்கு ஊரை விட்டு ஓடினவன்தான். செத்துக்கூடப் போயிருப்பான்.”

என் நோட்டில் அந்த இடத்தில் ‘பிழை: வெர்னான்’ என்று இருக்கிறது. கீழே இரண்டு அடிக்கோடு. அன்று அவர் தலை குனிந்து வெளியேறும்போது காகிதக் குவளைகளை எறிந்தோம். நான் எறிந்தது இரண்டு.

“நீ இப்பவே அவன் பின்னாடி போ” என்றார் ஆர்வில் என்னிடம். “அடுத்த வருஷம் நம்ம வரிசையில அவனுக்கு சீட் கிடையாது, என் மச்சானுக்குக் குடுக்கறோம்னு சொல்லிடு. நோட்டைக் காட்டினா வாயே திறக்க மாட்டான்.”

ஆட்டத்தின் நடுவே நான் எழுந்ததே இல்லை. ஆனால் மறுத்துப் பேசவும் தெரியாது. எழுந்தேன்.

எமில் வேகமாக நடந்தார். மூன்றாவது தெருவில் ஒரு முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தார். நானும் நுழைந்தேன்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் மெலிந்துபோன ஒருவர். கைகள் மட்டும் மிகப் பெரியவை. அந்தக் கைகளை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

“ஆட்டம் என்ன ஆச்சு?” என்றார் அவர்.

“நான் கிளம்பும்போது நாமதான் முன்னாடி, வெர்னான். ரெண்டுக்கு ஒண்ணு.”

“அப்பாடா.” இறுகியிருந்த விரல்கள் தளர்ந்தன. “அப்ப நான் பந்தை விடலையே?”

எமில் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். “நாமதான் முன்னாடி” என்றார் மறுபடியும்.

திரும்பியபோது வாசலில் என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து தணிந்த குரலில் சொன்னார்:

“ஏப்ரல்ல சர்ச்சுலேர்ந்து பழம் குடுக்க வந்தப்ப பாத்தேன், பொண்ணு இவரைத் திரும்ப இந்த ஊருக்கே கொண்டுவந்து சேத்திருக்கு. என் ஹெரன்ஸ் தொப்பியைப் பாத்துட்டு ஸ்கோர் கேட்டார். பெத்த பொண்ணு பேரே மறந்துபோச்சு மனுஷனுக்கு. அந்த ஒரு பந்து மட்டும் மறக்கல. அவர்கிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரல. அதான், நிஜமாவே முன்னாடி இருக்கும்போதே கிளம்பி வந்துடறேன்.”

“அந்தப் பன்னிரண்டு நாள்?”

“கடைசி வரைக்கும் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். இங்க வந்து சொல்ல ஒண்ணும் இல்லையே.”

“யாரது நோட்டும் கையுமா?” உள்ளேயிருந்து வெர்னான் கேட்டார். “நீங்களும் ஆட்டத்துலேர்ந்தா வர்றீங்க?”

நான் கிட்டே போய் நோட்டைப் பிரித்தேன். நான்காவது இன்னிங்ஸோடு எழுத்து நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள். முப்பத்தேழு வருடத்தில் அப்படி ஒரு பக்கம் என்னிடம் கிடையாது.

“ரெண்டுக்கு ஒண்ணு. நாமதான் முன்னாடி.”

“எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கு.”

அவர் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

நான் திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மைதான வாசலில் இருவரும் காத்திருந்தார்கள்.

“தோத்துட்டோம், ஒம்பதுக்கு ரெண்டு! எழுதிக்கோ, பதினாலு இல்ல, இனி பதினஞ்சு!” என்றார் டெல்பர்ட். “அவன்கிட்ட சொல்லிட்டியா?”

நான் பென்சிலை எடுக்கவில்லை.

“இல்ல. எமில் சீட் எமிலுக்கே இருக்கட்டும். என் கணக்குல ஒரு பிழை இருக்கு.”

“உன் கணக்குலயா!” ஆர்வில் சிரித்தார். “எப்பலேர்ந்து?”

“அறுபத்துநாலுலேர்ந்து” என்றேன். “‘பிழை’ன்னு என் பேரை எழுதறதுக்குப் பதிலா வெர்னான் பேரை எழுதிட்டேன். அடிக்கோடு வேற போட்டிருக்கேன்.”