முதல் கழுவல்

கடலோரக் களப்பு நீரின் மேல் காலை வெயில் ஏறுகிறது. மிஹ்லார் தன் மிதவைப் படகின் தட்டில் குழாயைப் பிடித்தபடி நிற்கிறான். களப்புத் தண்ணீரை உறிஞ்சிப் படகைக் கழுவும் புதுப் பம்ப் காலடியில் உறுமுகிறது. கடலுக்குப் போய் வந்த கையோடு, குனிந்து நெளிந்து அதைப் பொருத்தித் தந்தவர் அவனுடைய அண்ணன் ஆதம்பாவா காக்கா. வேலை முடிந்ததும் இடுப்பில் கட்டிய, மீன் ஈரம் காயாத சாறனோடு படகின் வெள்ளை இருக்கையில் அமர்ந்து ஒரு பிளேன்ரீ குடித்தார். இப்போதுதான் இறங்கிப் போகிறார். மிஹ்லாரின் மகளுக்குப் பேசியிருக்கும் கொழும்பு மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சற்று நேரத்தில் சவாரிக்கு வந்துவிடுவார்கள். காக்கா பத்தடி வைப்பதற்குள், அவர் இருந்த இடத்தில் மிஹ்லார் தண்ணீரைப் பாய்ச்சுகிறான். சத்தம் கேட்டு அவர் திரும்புகிறார். மிஹ்லாருக்குக் காது மடல் சுடுகிறது. குழாயை வேறு பக்கம் திருப்பிவிடலாம்தான், ஆனால் அங்கேயே பிடித்தபடி நிற்கிறான்.

"தண்ணி வேகம் காணுமா தம்பி?"

"ஓம், காணும் காக்கா."

ஆதம்பாவா தன் சாறனின் பின்புறத்தை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்கிறார். பிறகு இருக்கையை நோக்கி விரலை நீட்டுகிறார்.

"அந்த ஓரத்தில ஒரு செதில் ஒட்டிக் கெடக்கு. அதையும் அடிச்சி உடு."