மனம் நோகாமல்

கதவை மெல்லத் தட்டிவிட்டு உள்ளே வந்த ஏழாவது மனிதர், சான்றிதழ் உறையை மார்போடு அணைத்தபடி எனக்கு வணக்கம் தெரிவித்தார். நான் மூக்குக் கண்ணாடியைச் சற்றே இறக்கி, அவரைக் கூர்ந்து நோக்கினேன்.

"உட்காருங்க. வரவேற்பாளர் வேலைன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சார். முதலாளியைப் பார்க்க வர்றவங்களை மனசு நோகாம திருப்பி அனுப்பணும்."

"சரிதான். உங்க வாழ்க்கையிலேயே பெரிய சாதனைன்னு எதைச் சொல்வீங்க?"

"ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்த என் மச்சான், பதினெட்டு மாசம் எங்க வீட்லயே இருந்தான் சார். போன வாரம் நான் பேசின பேச்சுல, சிரிச்சுக்கிட்டே அவனாவே கிளம்பிட்டான்."

முன்பு வந்த அறுவரைக் காட்டிலும் இவர் ஆற்றல் மிக்கவர் என்பதை ஐயமின்றி உணர்ந்தேன்.

"பிரமாதம்! வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க. லெட்டர் வரும்" என்று கூறி, வாசல் வரை நடந்து சென்று வழியனுப்பினேன்.

"எந்த ஆபீஸ்லயும் என்னை இவ்வளவு மரியாதையா நடத்தினதில்ல சார்" என்று அவர் நெகிழ்ந்து விடைபெற்றார்.

சிறிது நேரத்தில் முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"வண்டி பஞ்சர். என்னய்யா இது, இன்டர்வியூவுக்கு ஒருத்தரும் வரலையா?"

அதற்குள் மேசையின் எதிர்ப்புறம் வந்து, என் சான்றிதழ் உறையை மார்போடு அணைத்து நின்ற நான், "நான் ஒருத்தன் வந்திருக்கேன் சார்" என்றேன் பணிவுடன்.

அவர் தம் இருக்கையில் அமர்ந்தார்.

"நாற்காலி ஏன் இவ்வளவு சூடா இருக்கு? சரி, உங்க பெரிய சாதனை என்ன, சொல்லுங்க."

"இன்னிக்குக் காலையில மட்டும் ஏழு பேரை மனசு நோகாம திருப்பி அனுப்பியிருக்கேன் சார்."